பதினோராவது சட்டை

தட்டில் இளஞ்சிவப்பாய், ஈரம் மினுங்க
ஒரு புள்ளி.
கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினேன்.
நூல் வந்தது.
அறாமல், சுண்டுவிரல் நகமளவு,
அதற்கு மேலும்.
பௌசியா மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"போன வாரத்து ஆள் இல்ல இது" என்றார்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, பின்கட்டு,
ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை.
உறைபெட்டிக்குள் கடற்கரை வரிசையில் நிற்கிறது:
தொண்டி ஒன்று, தேவிபட்டினம் இரண்டு,
கீழக்கரை நான்கு, வாலிநோக்கம் ஒன்று,
மண்டபம் இரண்டு.
எல்லாம் பிறந்து பத்து நாள் தாண்டாத ரத்தம்.
எல்லாவற்றுக்கும் கிளெப்சியெல்லா என்று பெயர்.
சென்னையில் மரபணு வாசித்து அனுப்பிய தாள் சொல்கிறது:
பெயர்தான் ஒன்று.

மேலே போர்த்திய சர்க்கரைச் சட்டை வேறு வேறு.
பத்துக்கு எட்டு விதம்.
பாம்பாவது தன் சட்டையைத்தான் உரிக்கும்.
இவை அடுத்தவன் சட்டையையும் மாட்டிக்கொள்ளும்.

மருந்தை எதிர்க்கும் வித்தை மட்டும்
தமக்குள் கைமாற்று.
பத்திரம் இல்லை, வட்டி இல்லை,
நீ எந்தக் குலம் என்ற கேள்வி இல்லை.
கைகழுவும் தொட்டியின் வளைவுக் குழாயில்
உரசிப் போகிற நேரத்தில்
ஒரு சின்ன வளையம் இடம் மாறிவிடுகிறது.

"எந்தச் சட்டையை ஊசிக்குள்ள தைக்கிறது?"
மேடம் என்னைக் கேட்கவில்லை, தாளைக் கேட்டார்.
நான்கை எடுத்தால் பாதிப் பிள்ளைகள் தப்பும்.
எட்டையும் எடுத்தால் விலை எகிறும்,
அதற்குள் ஒன்பதாவது வந்திருக்கும்.
எங்கள் அண்ணன் வலையில் காரல் குறைந்த வருஷம்
கடல் ஒன்றும் காலியாய்க் கிடக்கவில்லை.
சொறி வந்து நிறைந்தது.
இழுத்தவன் கையெல்லாம் தடிப்பு.

சட்டைக்குள்ளே இருக்கும் தோல்
நாலைந்து வகைதான் என்கிறார்கள்.
அதைக் குறிவைக்கலாமே என்றேன்.
"நூல் வந்துச்சே, பாத்தியா?" என்றார் மேடம்.
இவ்வளவு தடித்த சட்டைக்குள்
எந்தக் கை போய்த் தோலைத் தொடும்?

பதினொன்று, சின்னப்பாலம்.
சீட்டில் 'நம்புசெல்வி குழந்தை, ஆண், ஆறு நாள்'.
பெயர் இன்னும் வைக்கவில்லை.

நம்புசெல்வி ஜன்னலில் வந்து நின்றாள்.
துணி சுற்றிப் பாறையில் பறித்துப் பறித்து
நகம் வெளுத்த விரல்கள் கம்பியில்.
"அது என்ன, கஞ்சி உறைஞ்ச மாதிரி?"
அகர், பாசியில் காய்ச்சுவது என்றேன்.
"எந்தப் பாசி?"
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
எந்தக் கடலோ தெரியாது, மரிக்கொழுந்து வகை, என்றேன்.
"நாங்க எடுக்கிறதுலயா அது வளருது?"
வளர்த்தால்தான் யாரென்று தெரியும், என்றேன்.
தட்டையே பார்த்தாள்,
எடை போடும் வியாபாரியின் தராசைப் பார்ப்பது போல.
"அப்ப நல்லாப் பாருங்க."

பார்த்தேன்.
பதினெட்டு வில்லைகள்.
ஒன்றைச் சுற்றியும் வட்டம் விழவில்லை,
புள்ளிகள் வில்லையின் விளிம்பு வரை வந்து
ஒட்டி உட்கார்ந்திருந்தன.
தனியே குழாய்களில் சோதித்த கொலிஸ்டின் மட்டும்
கலங்காமல் நின்றது.
வார்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்,
போன் எடுக்கும்வரை காத்திருக்க முடியவில்லை.

மேடத்தின் திட்ட அறிக்கையில் ஒரு வரி உண்டு:
ஏழாம் மாதம் தாய்க்குப் போட்டால்
கொடி வழியே பிள்ளைக்கு இறங்கும்.
ஏழாம் மாதம் நம்புசெல்வி
குருசடைத் தீவுப் பக்கம் மூச்சடக்கி முங்கிக்கொண்டிருந்தாள்.
கரையில் அந்த ஊசி இல்லை.
இன்றைக்கும் இல்லை.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் இரும
உறைபெட்டியைத் திறந்து பதினொன்றை வைத்தேன்.
ஊர்: சின்னப்பாலம். மருந்து: கொலிஸ்டின்.
சட்டை: பென்சிலில் ஒரு கேள்விக்குறி,
சென்னைத் தாள் வர ஆறு வாரம்.

ஒன்பது மணிக்கு நர்ஸ் அழைத்தாள்.
மூன்று மில்லி பால் குடித்தானாம், கக்கவில்லையாம்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
மூன்று மில்லியை எழுத
அதில் கட்டம் எதுவும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.