ஆறு பிரதிகள்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
‘அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்று.’
எழுபத்தோரு வயதில்
என்னை உள்ளே விடாதீர்கள் என்று
நானே எழுதிக் கொடுக்கும் படிவம்.
ரேலீன் பாஸ்கோ. கையெழுத்து. தேதி.
அதெல்லாம் எளிது.

படம்தான் இல்லை.

ஓய்வூதிய அட்டையில் இருப்பவள்
தலைக்குச் சாயம் பூசியவள், ஒன்பது வருடம் இளையவள்.
அவளைத் தேடினால் என்னைக் கோட்டை விடுவார்கள்.
கெர்ரினின் இரண்டாம் கல்யாண ஆல்பத்தில்
கடலோரப் புல்வெளி, வெள்ளை நாற்காலிகள்,
முன்வரிசையில் என் மகளுக்கு நேர் எதிரே
என் கைப்பை.
நான் இல்லை.
பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று போயிருந்தேன்.
வரிசையாக ஐந்து டால்பின் விழுந்தால்
தேன்நிலவுச் செலவு என்னுடையது என்று
அன்றைய கணக்கு.
நான்கு விழுந்தது.
நான்கு எப்போதும் விழும்.

அதற்கு முன் ஒரு கூட்டத்துக்கும் போனேன்.
வட்டமாக நாற்காலிகள், பொடிக் காபி.
‘என்னால் முடியாது’ என்பதிலிருந்து தொடங்குங்கள் என்றார்கள்.
நல்லவர்கள். அப்படி மீண்டவர்களும் இருந்தார்கள்.
எனக்கோ அந்த வாக்கியம் மனப்பாடம்.
பதினொரு வருடம், மாலைதோறும்,
மெஷின் முன்னால் அதைத்தானே ஒப்பித்தேன்.
எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது,
சின்னதாக,
கையால் செய்யக்கூடியதாக.

மருந்துக்கடையில் படம் எடுக்கும் பையன்
‘சிரிக்கக் கூடாது, பாஸ்போர்ட் விதி’ என்றான்.
‘இது எங்கும் போவதற்கு இல்லை,
வெளியே நிற்பதற்கு’ என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வர, எடுத்துவிட்டான்.
ஒரு தாளில் ஆறு படம்.
ஒன்று போதுமே என்றேன்.
ஆறாகத்தான் வரும் என்றான்.

வாலரூ கிளப்பில் டாரன் அதை வாங்கிக்கொண்டான்.
இரண்டு சர்க்கரை, ஒரு பிஸ்கட் என்று
கேட்காமலே தேநீர் கொண்டுவருகிறவன்.
படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தரைவிரிப்பைப் பார்த்தான்.
‘எவ்வளவு காலத்துக்கு?’
‘இருப்பதிலேயே நீளமான கட்டம் எது, அதில் டிக் போடு.’

நாலு மணிக்கு விரல் துடிக்கும்.
வலது ஆள்காட்டி விரல், அது மட்டும்.
அதற்கு வேலை கொடுத்தேன்.
வேலியோரம் குளிர்காலமெல்லாம் மஞ்சளாய்ப் பூக்கும் புளியாரை.
கிழங்கோடு பிடுங்காவிட்டால் திரும்ப முளைக்கும்.
கிழங்கோடு பிடுங்கினாலும் முளைக்கும்.

மழை பெய்த வியாழக்கிழமை
கடைனாவுக்குக் காரை ஓட்டினேன்.
அங்கே என் படம் இல்லை.
எண்பத்தைந்து டாலர், நாற்பது நிமிடம்.
திரும்பும்போது கோதுமை வயலோரம் நிறுத்தி
வெட்கத்துக்கு இருபது நிமிடம் கொடுத்தேன்.
அதற்குமேல் கொடுத்தால்
அதுவும் ஒரு மெஷின்.

மறுநாள் கத்தரிக்கோலை எடுத்தேன்.
இரண்டாவது படம் கடைனாவுக்கு.
மூன்றாவது மூன்டாவுக்கு, அங்கே தோற்பதற்கு முன்பே.
நான்காவது போர்ட் பீரி.
மெய்ட்லண்டில் ஒருத்தி கேட்டாள்:
‘வரமாட்டேன் என்று சொல்லவா
இவ்வளவு தூரம் வந்தீர்கள்?’
ஆமாம் என்றேன். பெட்ரோல் என் காசு.

ஞாயிறன்று கெர்ரின் வந்தாள்.
மேசையில் கிடந்த ஆறாவதை எடுத்துப் பார்த்தாள்.
‘இது எந்த கிளப்புக்கு?’
‘எதற்கும் இல்லை. மிச்சம்.’
‘அப்போ எனக்குக் கொடு.
நீ இருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.’
குற்றம் சொல்லும் குரலில் இல்லை,
உப்பு கேட்பது போலத்தான் கேட்டாள்.

ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது.
நேராக்கித் தருகிறேன் என்று
கத்தரிக்கோலை வீடெல்லாம் தேடினேன்,
அலமாரி, தோட்டத்து வாளி, காரின் பின்சீட்.
கடைசியில் அது ஏப்ரன் பையில்.
கடிகாரத்தில் ஐந்தாகப் போகிறது.
அவள் படத்தோடு எப்போதோ கிளம்பியிருந்தாள்,
கோணலோடே.