இரட்டை விசில்

பட்டமங்கலத் தெரு, ஜெராக்ஸ் கடை மாடி.
ஐப்பசி மழை தகரத்தில் கொட்டுகிறது.
ஓய்வூதியக்காரர்கள் ஒன்பது பேரை
ரத்த அழுத்த முகாம் மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள்.
பரிசோதனை எங்களுக்கு இல்லையாம்,
செயலிக்குத்தானாம்.
நீடூர்ப் பெண் ஃபாஹிமா மூன்று தடவை சொல்லிவிட்டாள்:
"தப்பு நடந்தா அது எங்களோடது, உங்களோடது இல்ல சார்."
முப்பத்தோரு வருஷம் போக்குவரத்துக் கழகத்தில்
அப்படி ஒரு வாக்கியத்தை
யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை
நான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும்.
இதுவரை அலுவலக வராந்தாவில் வரிசை.
இனிமேல் வீட்டிலிருந்தே, கைப்பேசியிலேயே.
முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும், என்றது.
வைத்தேன்.
கண் சிமிட்டவும்.
சிமிட்டினேன். இடது கண் புரை எடுத்த கண்,
அதற்குக் கொஞ்சம் யோசனை அதிகம்.
மீண்டும் கண் சிமிட்டவும்.
பக்கத்து நாற்காலி டிரைவர் அந்தோணிராஜ் சிரித்தார்:
"யோவ் கலியமூர்த்தி, சாவறது சுலபம்யா."

பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை.
மறுபடி. ம்ஹூம்.
காய்ந்த விரலைக் கண்ணாடிக்கு அடையாளம் தெரியாதாம்.
என் கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போயிற்று,
டிக்கெட் கிழிக்கப் போகிற மாதிரி.
ஈரம் பட்டதும் திறந்துகொண்டது.
அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன்:
பயனர் விரலில் எச்சில் தொடுகிறார்.
அடிக்கோடு வேறு.

பிறகு ஆறு இலக்கம் வந்தது.
முப்பதிலிருந்து ஓர் எண் இறங்கத் தொடங்கியது.
கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டினேன், இருபத்திரண்டு.
நாலு, ஏழு, ஒன்று,
செய்தி மேலே ஓடி ஒளிந்துகொண்டது, பதினைந்து.
"மேலேருந்து இழுங்க சார்."
இழுத்தேன். டார்ச் எரிந்தது. ஆறு.
நேரம் முடிந்தது!
சிவப்பில்.

கோபம் வரவேண்டிய இடம்.
வரவில்லை.
குத்தாலம் கடைத்தெரு நிறுத்தம் வந்தது.

அன்றைக்கு ஆறு நிமிஷம் தாமதம்.
கும்பகோணத்தில் டைம்கீப்பர் பேனாவோடு நிற்பார்.
முன்படியில் தையல்நாயகி
(பெயர் அப்புறம்தான் தெரியும், ஆஸ்பத்திரிச் சீட்டில்)
கூடையை ஏற்றிவிட்டாள்.
வலது காலையும் ஏற்றிவிட்டாள்.
இடது கால் இன்னும் குத்தாலத்தில் இருந்தது.
நான் பின்னால், கூட்டத்துக்குள்.
ஏறியாச்சா என்று கத்தினேன்.
யாரோ உம் என்றார்கள்.
நிற்க ஒரு விசில். போக இரண்டு.
இரண்டு ஊதினேன்.

இடுப்பெலும்பு.
விசாரணையில் எழுதிக் கொடுத்தேன்:
பயணி உரிய நேரத்தில் ஏறவில்லை.
என் கையெழுத்து நன்றாயிருக்கும்,
மேலதிகாரிகளே சொல்வார்கள்.
ஒரு இன்கிரிமென்ட்கூட நிற்கவில்லை.

"அந்தச் சிவப்பு வந்தப்ப என்ன தோணுச்சு சார்?"
ஃபாஹிமா பேனாவோடு காத்திருந்தாள்.
அவசரப்படுத்தவில்லை, அதுதான் தாங்கவில்லை.
மழை பேசிக்கொண்டிருந்தது.
அந்தோணிராஜ் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தார்.
எழுத்துப் பெரிதாக இருக்கலாம்,
நிறம் மாற்றலாம் என்று
வீட்டிலிருந்து யோசித்து வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.
"நேரம் முடியலம்மா," என்றேன்,
"கால் இன்னும் கீழ இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை.
ஆனாலும் அப்படியே எழுதிக்கொண்டாள்,
மேற்கோள் குறி போட்டு.

ஆளுக்கு நானூறு ரூபாய், ஒரு மெதுவடை, டீ.
இது சோதனைப் பதிப்பு என்பதால்
நான் உயிரோடிருப்பது எங்கும் பதிவாகவில்லையாம்.
நிஜத்துக்கு இன்னொரு தடவை சிமிட்ட வேண்டும்.
நோட்டுகளை எண்ண விரல் நாக்குக்குப் போனது.
எண்ணாமலே பையில் வைத்தேன்.

மாடிப்படி நனைந்திருந்தது.
ஒரு படி, அதில் இரண்டு கால்களும் சேர்ந்த பிறகு
அடுத்த படி.
கீழே ஜெராக்ஸ் கடைப் பையன்
குடையை விரித்துப் பிடித்தபடி
அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.