எடிலேயுசா கேட்டதற்கு

எப்படியிருக்கும் என்று கேட்கிறாய்.
முதலில் நிற்கவைப்பார்கள், எடிலேயுசா,
துணியில்லாமல், விளக்குக்கு நேரே.
டாக்டர் நகவுச்சி முக்காலியை இழுத்துப் போட்டு
ஊதாப் பேனாவால் அடிவயிற்றில் கோடு போடுவார்.
பெலேம் சந்தையில் இருபத்திரண்டு வருடம்
மீன் வயிறு கீறியவள் நான்.
"இவ்வளவு கீழேயா ஆரம்பிப்பீர்கள்?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. கோடு கோணிவிட்டது போல.
பஞ்சால் துடைத்து மறுபடி போட்டார்.

மயக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள்.
ஏழு வரை போனேன்.

விழித்தால் நீ ஒரு கேள்விக்குறி.
முட்டி மேலே, தலை மேலே, நடுவில் மடிப்பு.
அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவிடுவார்கள்,
காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாதாம்.
திட்டிக்கொண்டே நட.
பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு குழாய், முனையில் ரப்பர்க் குடுவை.
இறங்கியதைக் காலையும் மாலையும் அளந்து
நோட்டில் எழுத வேண்டும்.
முதல் நாள் எண்பது; வலது பக்கம் எப்போதும் கூட.
தராசுக்காரிக்கு அளவு சொல்லித்தரவா வேண்டும்?
உருவும்போது வலிக்காது என்பார்கள்.
வலிக்கவில்லைதான்.
உள்ளே ஒரு விலாங்கு
புரண்டு படுத்தது.

வெட்டு அல்ல வலிப்பது.
நாலு பிள்ளைகளுக்கு விலகி வழிவிட்ட தசையை
இழுத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, அது.
இருமாதே. தும்மல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொள்.
உன் அண்ணியை ஒரு வாரம் வாசலோடு அனுப்பிவிடு.
அவள் பேச்சுக்குச் சிரித்துச் சிரித்து
நான் அழுதேன்.

கட்டில் சரிப்படவில்லை.
ஒசியாஸ் கூடத்தில் வலைத்தூளி கட்டினான்.
உடம்பு தானாக வளைந்து கிடந்தது, சுகம்.
இறங்கத்தான் இரண்டு ஆள் வேண்டும்.
ராத்திரி மூன்று மணிக்கு ஒன்றுக்கு வந்தால்
அவனை எழுப்பி, அவன் தயனேயை எழுப்பி,
படகிலிருந்து பிரரூக்கு இறக்குவது போல
என்னை இறக்கினார்கள்.
அதற்குள் பாதி நேரம் அவசரம் போயிருக்கும்.

பதினான்கு நாள் கூனிக்கொண்டு நடந்தேன்.
மத்தியானம் மழை வரும், கொடியில் துணி,
கை எட்டாது. நனையட்டும்.
தரை மட்டும்தான் தெரிந்தது.
எங்கள் வீட்டில் பதினொரு ஓடு உடைந்திருக்கிறது,
உனக்குத் தெரியுமா?

யாரும் சொல்லாதது ஒன்று.
தொப்புள் உன்னுடையதே, வாசல் மட்டும் புதிது.
அதற்குக் கீழே ஒரு கையகலம் செத்துக் கிடக்கும்.
சுடுகுழம்பு சிந்தியது எனக்குத் தெரியவில்லை,
சிவந்த பிறகு கண்ணால் பார்த்தேன்.
அரிக்கும். சொறிந்தால்
யாருடைய தோலையோ சொறிவது போலிருக்கும்.

இன்னொன்று.
ரூபெம் பிறக்கக் கீறிய தழும்பு.
ஒன்பது நாள் இருந்தானே, அவனுடையது.
வெட்டிய தோலோடு அதுவும் போய்விட்டது.
கையெழுத்துப் போட்ட தாளில் எழுதித்தான் இருந்திருக்கும்,
நான் படிக்கவில்லை.
ஒரு கிலோ எழுநூறு என்று ஏட்டில் குறித்திருந்தார்கள்.
"அதை என்ன செய்வீர்கள்?" என்று நர்ஸ் கிளெய்டேயைக் கேட்டேன்.
"எரிப்போம்" என்றாள்,
வலது குழாயைப் பார்த்தபடி.
அன்று நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை.

வருத்தமா என்றால், இல்லை.
ஆறாம் வாரம் சந்தைக்குப் போனேன்.
பெட்டி தூக்கக் கூடாது, தராசில் மட்டும் நின்றேன்,
நேராக.
ஏப்ரன் கயிறு இடுப்பை இரண்டு சுற்று சுற்றி
முடிச்சுக்கும் மிச்சமிருந்தது.
ஒசியாஸ் ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
பதினாறு தவணையில் ஏழு கட்டியாயிற்று.
மீதியை நவம்பர் மீன் பார்த்துக்கொள்ளும்.

கதவைச் சாத்து. இதோ, பார்.
இவ்வளவுதான் கோடு, இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை,
இன்னும் இளஞ்சிவப்பு, வெளுக்க ஒரு வருடமாகும்.
தொடு, பயப்படாதே.
எங்கே தொடுகிறாய் என்று மட்டும்
வாயால் சொல்லிக்கொண்டே தொடு.