பத்து சதவீதம்

அக்டோபர் முழுக்க
என் படியேறி வந்தது காற்று மட்டும்.
புந்தா அரீனஸில் காற்றுக்கு முகமில்லை.
இருந்திருந்தால் அதையாவது
உட்காரவைத்து எடுத்திருப்பேன்.

வாடகைக்கு ஒன்பது நாள் இருக்கையில்
அட்டைகளைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு
முனைகளில் நகராட்சி கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
கடைகடையாகப் போனேன்.
"உங்களிடம் வருகிறவர்களை என்னிடம் அனுப்புங்கள்,
எடுக்கிற படத்தில் பத்து சதவீதம் உங்களுக்கு."
ஒத்திகை பார்த்த வாக்கியம்தான்.
மூன்றாவது கடையில் அது
வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

சிகை அலங்காரம் செய்யும் தோன்கா விர்சாலோவிச்
அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
"என் கதவிலிருந்து உன் கதவுக்கு நான்கு தெரு, நெலிதா.
நான் இரண்டு மணி நேரம் சுருட்டியதை
முதல் திருப்பத்திலேயே அவிழ்த்துவிடும்.
உன்னிடம் வந்து சேர்கிறவள்
என் வாடிக்கைக்காரியாக இருக்கமாட்டாள்."
என்ன சொல்ல? என் தலையே அவளுக்குச் சாட்சி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார்:
படத்தில் ஃபிரேம் தெரியும்தானே?
தெரியும், லென்ஸில் என் விளக்கும் தெரியும்.
அப்படியானால் லென்ஸைக் கழற்றிவிட்டு எடு.
அவர் அனுப்பிய ஒரே ஆள்
கோட்டு மாட்டும் கம்பத்துக்கு
மாலை வணக்கம் சொன்னார்.

இறுதிச்சடங்கு நிலையத்துக்காரர் தானாகவே வந்தார்.
"எங்களிடம் வருகிற யாரிடமும்
ஒரு நல்ல படம் இருப்பதில்லை.
அடையாள அட்டையைப் பெரிதாக்கித்தான் மாட்டுகிறோம்."
கொஞ்சம் முன்கூட்டியே அனுப்ப முடியுமா என்றேன்.
தாடையைத் தடவிக்கொண்டு
நிஜமாகவே யோசித்தார்.

கடைசியில் பல்செட்டு செய்யும் எவாரிஸ்தோ.
மேசையெங்கும் பிளாஸ்டர் தூள், ஈறு நிற மெழுகு.
"புதுப்பல் மாட்டியவன்
என் வாசலில் நின்று விழிப்பான்,
இதை யாரிடம் காட்டுவது என்று.
உன்னிடம் காட்டட்டுமே."
அன்றைக்கே ஒவ்வொரு பெட்டியிலும்
மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில்
என் அட்டையைக் கடிக்கக் கொடுத்தார்.

முதல் ஆள் அபெலார்தோ மான்சியா,
நண்டுப் படகில் சமையல்.
ஏழு வருடம் வாயைத் திறந்து சிரிக்காதவர்.
நாற்பது படம். நாற்பதிலும்
சுங்கச்சாவடியில் பெட்டி திறக்கச் சொன்ன முகம்.
நண்டைப் பற்றிக் கேட்டேன். கெட்டவார்த்தை சொன்னேன்.
இறுதிச்சடங்குக்காரர் யோசித்ததைச் சொன்னேன்.
அதற்குத்தான் வெடித்தார்.

வெடித்த வேகத்தில்
வலது கை ஓடிவந்து வாயைப் பொத்தியது.
பல் வந்த சேதி
கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.
நாற்பத்தொன்றாவது படம்:
சுட்ட தழும்புள்ள நான்கு விரல்,
அவற்றுக்கு மேல் நீர் கோத்த கண்கள்.
அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

"பல் எங்கே?" என்றார் எவாரிஸ்தோ.
விரலுக்குப் பின்னால்.
"மூன்று வாரம் செய்த வேலை.
இதை எப்படி என் ஜன்னலில் மாட்டுவது?"

படம் படகின் அடுப்படியில் தொங்கியது,
உப்பு டப்பாவுக்கு மேலே.
படகு கரை திரும்பிய வாரம்
துறைமுகத்திலிருந்து பதினோரு பேர் என் படியேறினார்கள்.
சிலருக்குச் சொந்தப் பல், இருவருக்கு அதுவுமில்லை.
"அபெலார்தோவுக்கு எடுத்த மாதிரி" என்று சொல்லி
ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.
கையை இறக்கவைக்கவே
பாதிப் பகல் போயிற்று.

பத்து சதவீதத்தை உறையில் போட்டுக்
கொண்டுபோய் வைத்தேன்.
"இவர்கள் என் ஆட்கள் இல்லை. கணக்குத் தப்பு."
இல்லை, உங்களிடம் தொடங்கியதுதான்.
உறை பிளாஸ்டர் தூளில் கிடந்தது.
அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.
வெளியே யாருடைய தொப்பியோ
தெருவைக் கடந்துபோனது.

"அந்த நாற்காலியில் உட்கார என்ன வாங்குகிறாய்?"
சொன்னேன்.
உறையை என் பக்கம் தள்ளினார்.

சனிக்கிழமை வந்தார், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு.
மேல்வரிசையில் இரண்டு இல்லை.
தனக்குச் செய்துகொள்ள நேரமே கிடைக்கவில்லையாம்.
விளக்கைச் சரிசெய்வதற்குள்
வாயை நன்றாகத் திறந்து
தயாராக இருந்தார்.