பதினோராயிரத்து ஐந்நூறுக்குள்

மாம்பழ சீசன் முடிந்து
கூழ் கம்பெனி கொடுத்த போனஸில்
வாஷிங் மெஷின் தவணை போக
மிச்சம் பதினோராயிரத்து ஐந்நூறு.
அதற்குள் ஓர் ஆம்ப் வேண்டும் எனக்கு.

கிட்டார் வந்து மூன்று வருடம்.
எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் வாசிப்பது
வாயை மூடிக்கொண்டு சண்டை போடுவது.
மர அலமாரியில் அதன் தலையை அழுத்தி
பலகை வழியே வந்ததைத்தான்
இத்தனை நாள் சத்தம் என்றிருந்தேன்.

முதலில் ரவுண்டானா பக்கத்துக் கடை.
பத்து வாட். புதுசு. உள்ளங்கை அகல ஸ்பீக்கர்.
தடித்த தந்தியைத் தட்டினால்
தகர டப்பாவுக்குள் வண்டு.
"வீட்டுக்கு இது போதும் மேடம்."
போதும் என்று சொல்லி விற்கிறவரிடம்
நான் எதையும் வாங்குவதில்லை.

ஞாயிறு பஸ் ஏறி பெங்களூர்.
நாற்பது வாட், உள்ளே நூறு ஆம்ப் இருக்கிறதாம்.
குமிழைத் திருகினால் கல்யாண மண்டபம்,
திருகினால் லண்டன்,
இன்னும் திருகினால் கிணற்றுக்குள் யாரோ.
எல்லாமே நன்றாக இருந்தது.
எதுவும் நான் வாசித்தது மாதிரி இல்லை.
விலை பதினெட்டு. தவணை உண்டு என்றான்.
தவணையை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

வாட்டை இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது
என்று எங்கோ படித்தபோது ஆச்சரியப்படவில்லை.
லேபில் ஒரு துளிக் கூழைக் கண்ணாடியில் வைத்து
நாள் முழுக்கப் பார்ப்பவள் நான்.
பெங்களூராவும் அல்போன்சாவும்
மீட்டரில் இரண்டு புள்ளி தள்ளி,
நாக்கில் இரண்டு ஊர் தள்ளி.

அப்புறம் சுவர். நாலரை அங்குலம்.
அந்தப் பக்கம் தஸ்தகீர்,
ஓசூர் கம்பெனி பஸ்ஸை இரவெல்லாம் ஓட்டிப்
பகலெல்லாம் தூங்குகிறவர்.
எப்போது வாசிக்கலாம் என்று கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தார்.
"அஞ்சரையிலேர்ந்து ஏழு.
ஒரே பாட்ட மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்காதம்மா."
எனக்குத் தெரிந்ததே ஒரு பாட்டு என்பதை
அவரிடம் சொல்லவில்லை.

காவேரிப்பட்டணத்தில் பழையது ஒன்று இருப்பதாக
எடைமேடைக்காரர் சொல்லி அனுப்பினார்.
இருபது வாட். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
முன்துணியின் ஓரத்தில் எலி கடித்த அரைவட்டம்.
திம்மராஜ். கிரானைட் பாலிஷ், பதினாலு வருடம்.
"ஏன் விக்கறீங்க?"
"மேல் சத்தமெல்லாம் போயிடுச்சு."
"ஆம்புலயா?"
காதைத் தொட்டுக் காட்டினார்.

பிளக் சொருகியதும் ம்ம்ம்ம் என்று இரைந்தது.
அவரே முந்திக்கொண்டார்:
"மறைக்கல. வீட்டுல எர்த் சரியில்ல.
தந்தி மேல கை வைங்க."
வைத்தேன்.
நின்றது.
எடுத்தேன், இரைந்தது.

ட்ரெபிள் குமிழ் பத்தில் நின்றிருந்தது.
அவர் காதுக்கு அது நாலு.
நாலுக்கு இறக்கினேன்;
கத்திக்கொண்டிருந்தது பேச ஆரம்பித்தது.
என் விரல்களையே பார்த்திருந்துவிட்டு
"இப்ப எப்படியிருக்கு?" என்றார்,
சளி பிடித்த நாளில் குழம்பு வைத்தவர் மாதிரி.
என்னவென்று சொல்ல.
"காம்பு கிள்ளினா பால் கசியுமே,
அந்த மாதிரி" என்றேன்.
தலையாட்டினார். கேட்டதோ என்னவோ.

ஒன்பதாயிரம் என்றார். எட்டரை என்றேன்.
எட்டாயிரத்து எழுநூறு, ஒயர் சும்மா.
பஸ்ஸில் கண்டக்டர்
அதற்கும் ஓர் அரை டிக்கெட் கிழித்தார்.

முதல் நாள், ஆறு ஐம்பதுக்கே
சுவரில் இரண்டு தட்டு.
நிறுத்தினேன்.
"நடுவுல ஒரு இடம் வழுக்குது.
அத மட்டும் இன்னொரு தரம்."

மீதிக் காசு எர்த் குழிக்கு என்று வைத்திருக்கிறேன்.
கரி, உப்பு, செம்புத் தகடு.
வீட்டுக்காரம்மா பார்க்கலாம் என்கிறாள்,
இரண்டு வாரமாக.
அதுவரை
வாசிக்காத நேரத்திலும்
தந்தி மேல் ஒரு கை.