முழு நிமிடம்

சின்ன ஏர்வாடியிலிருந்து ஆட்டோவில் வந்தேன்.
தலைமுடியில் கடல் காயவில்லை,
விரல்களில் சுற்றிய துணிக்கிழிசலைக்கூட அவிழ்க்கவில்லை.
மடியில் நாகஜோதி. நாலு வயசு. மூணு நாளாய்ச் சளி.

இரவுப் பணியில் நர்ஸ் ஒருத்திதான்.
தவச்செல்வி என்று நெஞ்சில் குத்தியிருந்தது.
வேலைக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகிறதாம்.
வாசலில் பீடி இழுத்துக்கொண்டிருந்த காவலாளி சொன்னார்,
எச்சரிப்பதுபோல.

பழைய சீட்டு மூணையும் நீட்டினேன்.
போன ஆடியில் ஒன்று, தையில் ஒன்று,
முந்தாநாள் ஒன்று.
மூச்சு என்ற கட்டத்தில்
மூணிலும் இருபத்துநாலு.
தடுப்பூசிக்கு வந்து ஓடித்திரிந்த அன்றைக்கும் இருபத்துநாலு,
காய்ச்சலில் துவண்டுகிடந்த அன்றைக்கும் இருபத்துநாலு.

அவள் சட்டையைத் தூக்கினாள்.
கடிகாரத்தைக் கழற்றி
பிள்ளையின் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.
நான் ஏதோ கேட்டேன்.
நிமிராமல் ஒரு விரலைத் தூக்கினாள்.

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று
என்னிடம் கேட்கலாம்.
பாசி பறிக்கப் பாரில் முங்கினால்
முப்பதில் நெஞ்சு தட்டும்,
நாற்பதில் கால் தானாக மேலே உதைக்கும்.
இருபது வருஷத்தில் நான் அறுபதைத் தொட்டதில்லை.
அவள் அறுபது வரை அசையாமல் இருந்தாள்.
ஐம்பத்துநாலு என்றாள், தனக்குள்.
பிறகு அதை நம்பாதவள்போல
முதலிலிருந்து எண்ணினாள்.

ஊசியில் அவ்வளவு நேர்த்தி இல்லை.
இரண்டு இடத்தில் குத்தினாள், நரம்பு நழுவிவிட்டது.
பிள்ளை அழக்கூடச் சத்தில்லாமல் முனகியது.
எனக்கு ஆத்திரம்தான் வந்தது.
மூணாவது குத்து குத்தவில்லை.
"என்னால முடியலக்கா, பெரிய ஆஸ்பத்திரில போட்டுக்கட்டும்"
என்று பஞ்சை அழுத்திப் பிடித்தாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள்.
காலையில் பார்ப்போமே என்று
அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது.
"சார், விலாவுக்குக் கீழ குழி விழுது."
கொஞ்சம் அமைதி.
"இல்ல சார். ரெண்டு தடவ எண்ணிட்டேன்.
முழு நிமிஷம்."
காது மடல் சிவந்திருந்தது அவளுக்கு.
அப்புறம் நூற்றெட்டுக்கு அடித்து
வழி சொல்லத் தெரியாமல்
போனைக் காவலாளியிடம் கொடுத்தாள்.

ராமநாதபுரத்திலிருந்து வண்டி வரவேண்டும்.
ஆக்சிஜன் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.
வெளியே காற்று கருவேலங்காட்டைப் பிராண்டியது.
கால்மணிக்கு ஒருதரம் கடிகாரத்தோடு குனிந்தாள்,
கட்டம் கட்டமாக எழுதினாள்.
ஐம்பத்துமூணு. ஐம்பத்திரண்டு.

நாலாவது முறை நானும் எண்ணினேன்,
தண்ணீருக்குள் எண்ணுகிற மாதிரி, உதடு அசையாமல்.
அவளுக்கு ஐம்பது வந்தது.
எனக்கு நாற்பத்தொன்பது.
சொன்னேன்.

என்னைப் பார்த்தாள்,
பிள்ளையைப் பார்த்தாள்,
பேனாவை உதறி
ஐம்பது என்றே எழுதினாள்.