நரிமேட்டுச் சுவர்

நரிமேட்டில் இப்போது நரி இல்லை.
ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது.
தெற்குச் சுவரில் எட்டுக் கட்டம்,
கட்டத்துக்கு ஆயிரத்து ஐநூறு,
பெயிண்ட் நம்முடையது.

உடம்பு என் வேலை.
எருமையின் கொம்பு வளைவு, வயிற்றில் சேறு,
அதன் முதுகில் இரட்டைவால் குருவி.
கண் தனுஷ்கோடியின் வேலை.
பதினோரு வருடம் அப்படித்தான்.
நான் இறங்கிய ஏணியில் அவன் ஏறுவான்,
சட்டைப் பையிலிருந்து மூன்றாம் நம்பர் பிரஷ்,
ஒரு பொட்டுக் கறுப்பு,
ஓரத்தில் ஊசிமுனை வெள்ளை.
அதுவரை சுவராய் இருந்தது
திரும்பிப் பார்க்கும்.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை.
முன்பணம் ஏழாயிரத்தை
சனிக்கிழமையே வாங்கிப் போனதாக
ரெஜினா டீச்சர் சொன்னார்.
"உங்களுக்குக் காய்ச்சல்னாரே"
என்று என் நெற்றியைப் பார்த்தார்.

ஆரப்பாளையத்தில், டீக்கடை செய்யது:
"திருப்பூர் வண்டில ஏறுனாப்ல.
பொட்டி இல்ல, ஒரு மஞ்சப்பைதான்."
போனில் ஒரு பெண்குரல்
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது,
தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை.

கதை டீச்சரே எழுதியது.
நரி எருமையிடம் சொல்கிறது:
குருவி உன் உண்ணிகளை எண்ணுவது
புலிக்குக் கணக்குக் கொடுக்க.
நரி குருவியிடம் சொல்கிறது:
நாளை நீ உட்கார்ந்திருக்கும்போதே
எருமை சேற்றில் புரளும்.
எட்டாம் கட்டத்தில் எருமை ஒரு கரை, குருவி ஒரு கரை,
நடுவே நரி சிரிக்கிறது.
கீழே சிவப்பில் நீதி எழுத வேண்டும்.
எழுத்துக்குத் தனிக்காசு இல்லை.

எங்கள் இருவர் காதிலும்
எந்த நரியும் வந்து ஊதவில்லை.

செல்லூரில் ஒரு பெரிய சுவர், போன வருடத்துக்கு முன் வருடம்.
மயில்கள். பேப்பர்க்காரர் வந்தார், போட்டோ எடுத்தார்.
எல்லாம் நீங்களேவா என்றார்.
எல்லாம் நானே என்றேன்.
அவன் ஏணி உச்சியில்
நாற்பத்து மூன்றாவது மயிலுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தான்.
மறுநாள் பேப்பரைப் பிரித்தான்.
"போட்டோல நல்லா இருக்கண்ணே."
மடித்தான்,
அதிலேயே பிரஷைத் துடைத்தான்.

இந்த ஊர்க் கதையில்
ஒரு பகல் முழுக்க நரிகள் குதிரையாய் நின்றன.
ராஜா பிடரியைத் தடவிப் பார்த்தார்.
இருட்டியதும் ஊளை, லாயம் முழுக்க ரத்தம்.
கள்ள நரி என்று வசவு.
குதிரையாய் நிற்கச் சம்மதமா என்று
நரியிடம் முதலில் கேட்டது யார்?

இன்டர்வெல் மணி.
எல்கேஜிப் பெண்ணொருத்தி, மூக்கில் சாக்பீஸ் தூள்:
"நரிக்கு ஏன் கண்ணு இல்ல?"
தூங்குது என்றேன்.
"தூங்கிக்கிட்டே எப்படி ரகசியம் பேசும்?"

பெயிண்ட் டப்பாவுக்கடியில் அந்த பிரஷ் இருந்தது,
மண்ணெண்ணெயில் அலசி, மயிர் நேராக நீவி.
திரும்பி வராதவன் இப்படிக் கழுவிவைப்பானா,
திரும்பி வராதவன்தான் இப்படிக் கழுவிவைப்பானா.

ஏணி ஏறினேன்.
எனக்குப் பழக்கமில்லாத சிறிய பிரஷ்.
கறுப்பு கொஞ்சம் அதிகம்,
நரியின் கன்னத்தில் ஒரு கோடு வழிந்தது.

"அய்யய்யோ, அது அழுகுற மாதிரி இருக்கே.
அழிச்சிருங்க, பிள்ளைங்க குழம்பிரும்"
என்றார் டீச்சர் கீழிருந்து.

சரிங்க டீச்சர்.

டர்பன்டைன் நனைத்த துணி கையில் இருக்கிறது.
வெயில் ஏறுகிறது,
சுவர் சூடு.
எனாமல் சீக்கிரம் காய்ந்துவிடும்.